தாத்தா காருக்குப் புது மூச்சு!

என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அதிசயக் கருவி
திண்டிவனம், விழுப்புரம் பட்டறைகளில் அதற்கு உறுப்புகள் செய்ய முடியுமா?

சென்னையில் இருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, திண்டிவனம். இன்னும் 40 கிலோ மீட்டர் போனால் விழுப்புரம்.

இந்தச் சாலைக்குத் தூக்கம் கிடையாது. திருச்சி பஸ், மதுரை பஸ், பாரம் ஏற்றிய லாரி, கரும்பு டிராக்டர் என்று ஏதாவது ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

லாரி ஒன்று மேட்டில் ஏறும்போது காது கொடுத்துக் கேளுங்கள். என்ஜினின் உறுமலுக்கு நடுவே மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்கும்.

அது என்ன விசில்?

என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சிறு காற்றாடியின் சத்தம்தான் அது! இன்று சாலையில் ஓடும் புதிய டீசல் லாரிகளிலும் பஸ்களிலும் அந்தக் காற்றாடி இருக்கிறது.

சரி. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் தாத்தா காலத்துக் காருக்கும் இப்படி ஒரு கருவி வைக்க முடியுமா? அதற்கு வேண்டிய உறுப்புகளை நம் ஊர் லேத் பட்டறையிலேயே கடைந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் அதில் ஆபத்தும் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது!

அடுப்பும் துருத்தியும்

அடுப்பு மந்தமாக எரிந்தால் அம்மா என்ன செய்கிறார்? ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார். உடனே தீ குப்பென்று பற்றுகிறது.

கொல்லன் என்ன செய்கிறான்? துருத்தியை அழுத்துகிறான். கரி வெள்ளையாகக் கனல்கிறது. இரும்பு இளகுகிறது.

விறகு அதேதான். கரியும் அதேதான். காற்று கூடியது. சூடு கூடியது!

கார் என்ஜினும் ஓர் அடுப்புத்தான். பெட்ரோல் தனியாக எரியாது. காற்றுடன் கலந்தால்தான் எரியும். 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும்.

இதையே லிட்டர் கணக்கில் சொன்னால் இன்னும் வியப்பாக இருக்கும். 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும்!

சாதாரண என்ஜின் தன் காற்றைத் தானே உறிஞ்சிக் கொள்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. ஆனால் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது உறிஞ்சுவதற்கு நேரம் போதாது. சிலிண்டர் முழுவதும் நிரம்புவதில்லை. அரை வயிறு சாப்பிட்டு மூட்டை தூக்குகிறவன் நிலைதான்!

அந்த நேரத்தில் ஒரு துருத்தி இருந்து காற்றைத் தள்ளிக் கொடுத்தால்?

சிலிண்டருக்குள் காற்று கூடும். அதற்கு ஏற்றபடி பெட்ரோலையும் கூட்டலாம். அதே என்ஜின் கூடுதல் பலம் கொடுக்கும்.

இந்தத் துருத்திக்குத்தான் 'சூப்பர் சார்ஜர்' என்று பெயர்.

அண்ணனும் தம்பியும்

இந்தக் கருவியின் மூலம் காருக்காகப் பிறந்தது அல்ல.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் என்ற குடும்பத்தார் கம்பளி ஆலை நடத்தி வந்தார்கள். பிலாண்டர், பிரான்சிஸ் என்று அண்ணன் தம்பி இருவர். ஆலையின் நீர்ச்சக்கரத்துக்குப் பதிலாக வேறு ஒரு சுழலும் கருவியைச் செய்து பார்த்தார்கள்.

அது தண்ணீருக்குச் சரிப்படவில்லை. ஆனால் காற்றை நன்றாகத் தள்ளியது! 1860-ம் ஆண்டில் அதற்கு உரிமை பதிவு செய்தார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊத அது பயன்பட்டது.

அதன் அமைப்பு எளிது. ஒரு பெட்டிக்குள் எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள் எதிர் எதிராகச் சுற்றும். ஒன்றை ஒன்று தொடாது. ஒரு பக்கம் வரும் காற்றை வாரி மறு பக்கம் தள்ளும். அவ்வளவுதான்!

கார் மேதை காட்லீப் டைம்லர் 1885-ம் ஆண்டிலேயே என்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் யோசனைக்கு உரிமை பெற்றார். சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ல் வேறு ஒரு வழி சொன்னார். என்ஜினில் இருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்திலேயே காற்றாடியைச் சுற்ற வைக்கலாம் என்றார். லாரியில் விசில் அடிக்கிறதே, அது இந்த வகை. அதற்கு 'டர்போ சார்ஜர்' என்று பெயர்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கும் இது புதிதல்ல. மீட்டர்கேஜ் காலத்தில் அங்கே வந்துபோன 'ஒய்.டி.எம்.4' டீசல் ரெயில் என்ஜின்களில் டர்போ சார்ஜர் இருந்தது. விழுப்புரத்துக் குழந்தைகள் காரில் பார்ப்பதற்கு முன்பே ரெயிலில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள்!

கேட்காமல் பூட்டிய கருவி

பழைய என்ஜினில் சூப்பர் சார்ஜரைப் பூட்டிய கதைகளில் உலகப் புகழ் பெற்றது, இங்கிலாந்தின் பென்ட்லி கார் கதை.

1920-களில் பென்ட்லி கார் பந்தயங்களில் கொடிகட்டிப் பறந்தது. அதை ஓட்டிய வீரர்களில் ஒருவர் சர் ஹென்றி பர்க்கின். 'டிம்' என்பது அவருடைய செல்லப் பெயர். கழுத்தில் புள்ளி போட்ட துணி கட்டிக்கொண்டுதான் காரில் ஏறுவார்.

"இந்த வேகம் போதாது, என்ஜினுக்குச் சூப்பர் சார்ஜர் வேண்டும்" என்பது பர்க்கினின் கருத்து.

காரை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது பிடிக்கவில்லை. கூடுதல் பலம் வேண்டுமானால் பெரிய என்ஜின் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. இருக்கிற என்ஜினின் வாயில் காற்றைத் திணிப்பது அதைக் கெடுத்துவிடும் என்று அவர் கருதினார்.

பர்க்கின் கேட்கவில்லை. தொழிற்சாலையை விட்டு விலகி, வெல்வின் என்ற ஊரில் சொந்தப் பட்டறை வைத்தார். டாரதி பேஜட் என்ற சீமாட்டி பணம் கொடுத்தார். ஆம்கர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற என்ஜினீயர் சூப்பர் சார்ஜரை வடிவமைத்தார்.

காரின் முன்னால், ரேடியேட்டருக்கும் முன்பாக அந்தக் கருவி துருத்திக்கொண்டு நின்றது. நாலரை லிட்டர் என்ஜின் சாதாரணமாக 110 குதிரை சக்தி கொடுக்கும். பந்தயத்துக்காகச் சூப்பர் சார்ஜர் பூட்டிய என்ஜின் 240 குதிரை சக்தி கொடுத்தது!

புல் தரையில் பறந்த கார்!

1930-ம் ஆண்டு. பிரான்சு நாட்டில் லெமான் நகரில் 24 மணி நேரப் பந்தயம்.

முன்னால் போகிறது ஜெர்மனியின் மெர்சிடஸ் கார். ஓட்டுகிறவர் புகழ் பெற்ற கராச்சியோலா. பின்னால் துரத்துகிறார் பர்க்கின்.

சாலையில் இடம் இல்லை. பர்க்கின் தயங்கவில்லை. இரண்டு சக்கரங்களைப் புல் தரையில் இறக்கினார். டயரின் மேல் ரப்பர் பிய்ந்து பறந்தது. அப்படியும் மெர்சிடஸ் காரை முந்திக் காட்டினார்! கூட்டம் வாய் பிளந்து நின்றது.

முடிவு என்ன ஆயிற்று?

மெர்சிடஸ் பழுதாகி நின்றது. சூப்பர் சார்ஜர் பூட்டிய பென்ட்லிகளும் பழுதாகி நின்றன. வெற்றி பெற்றது, பென்ட்லி விரும்பியபடி பெரிய என்ஜின் வைத்து, சூப்பர் சார்ஜர் இல்லாமல் ஓடிய மற்றொரு பென்ட்லி கார்!

அதே ஆண்டில் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் பர்க்கின் இரண்டாவதாக வந்தார். ஆனால் அவருடைய சூப்பர் சார்ஜர் கார்கள் லெமானில் ஒரு முறைகூட வெல்லவில்லை. 1931-ல் பென்ட்லி கம்பெனி கடனில் மூழ்கி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது.

பர்க்கினின் முடிவு இன்னும் சோகமானது. 1933-ல் திரிபோலி பந்தயத்தில் சூடான புகைக்குழாய் பட்டு அவருடைய கை வெந்தது. அதன் பிறகு உடல் நலம் கெட்டு, ஜூன் மாதத்தில் காலமானார். வயது 36.

காலம் வேடிக்கையானது. தோற்றுப்போன அந்தக் கார்கள்தான் இன்று பொக்கிஷம். 2012-ம் ஆண்டில் பர்க்கினின் ஒற்றை ஆசனக் கார் 50 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனது! 2019-ல் அதே பென்ட்லி கம்பெனி, தன்னிடம் உள்ள பழைய காரைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பாக அளந்து, அதே அச்சில் 12 புதிய கார்கள் செய்யப்போவதாக அறிவித்தது.

பழைய உறுப்பை அளந்து புதிய உறுப்பு செய்வது! நம் ஊர் பட்டறைக்காரர்கள் தினமும் செய்கிற வேலை அல்லவா அது?

கலங்கல் கிராமத்துப் பையன்

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு வழிகாட்டி ஜி. டி. நாயுடு. கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அதன் மேல் ஆசை விழுந்தது. கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார்.

வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். திரும்பவும் பூட்டினார். அப்படித்தான் என்ஜினைப் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு தொழில் மேதை ஆனார்.

கழற்றத் தெரிந்தவன் பாதி மெக்கானிக். திரும்பப் பூட்டத் தெரிந்தவன்தான் முழு மெக்கானிக்!

வேகப் பிரியர்களுக்கும் தமிழ்நாட்டில் இடம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை இருக்கிறது.

"முதலில் நிறுத்திக் காட்டு!"

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

திண்டிவனத்தில் ஒரு குடும்பம். தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஹெரால்டு நம் ஊர்க் கார். திண்டிவனத்துக்குப் போகும் இதே சாலையில், வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. அந்தத் தொழிற்சாலை 1980-களின் கடைசியில் நின்றுபோனது.

பேரன் அந்தக் காரை விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு வருகிறான். மேஸ்திரி வயதில் பெரியவர்.

"அண்ணே! இது எங்கள் தாத்தா கார். இதற்குச் சூப்பர் சார்ஜர் வைக்க வேண்டும்."

"வைக்கலாம், தம்பி. அதற்கு முன்னால் வண்டியை ஓட்டி, சட்டென்று நிறுத்திக் காட்டு!"

பேரன் விழிக்கிறான். பிரேக் மிதித்தால் கார் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறது.

அனுபவசாலி மேஸ்திரி இப்படித்தான் தொடங்குவார். ஓடும் பலத்தைக் கூட்டுவதற்கு முன் நிற்கும் பலத்தைப் பார்க்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றும் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

அடுத்தது என்ஜினின் உடல் நிலை. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டர் என்றால் முதலில் போரிங் போட்டுப் பெரிய பிஸ்டன் மாற்ற வேண்டும். நோயாளிக்குக் குஸ்தி சொல்லிக் கொடுக்க முடியாது!

சிலேட்டில் ஒரு கணக்கு

இனி கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம்.

ஹெரால்டு என்ஜினில் 4 சிலிண்டர். ஒன்றின் குறுக்களவு 63 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மி.மீ. ஆகவே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சி.சி. நான்கும் சேர்ந்தால் 948 சி.சி.

என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் நான்கு சிலிண்டரும் ஒரு முறை மூச்சு வாங்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு 474 சி.சி. காற்று.

சூப்பர் சார்ஜரின் உருளைகளை லேத்தில் கடைவது நம் பட்டறைக்கு ஆகாத வேலை. உருளைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள சந்து ஒன்றிரண்டு தலைமுடிக் கனம்தான் இருக்கும். எனவே ஜப்பானின் சிறு கார்களில் இருந்து கழற்றிய பழைய சூப்பர் சார்ஜர் ஒன்றை வாங்குவதே வழி. அதில் சுற்றுக்கு 500 சி.சி. காற்றைத் தள்ளும் சிறிய வகை இருக்கிறது.

என்ஜின் கேட்பதைவிட 40 சதவீதம் கூடுதல் காற்று அனுப்ப வேண்டும் என்றால் சுற்றுக்கு 664 சி.சி. வேண்டும். 664-ஐ 500-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.33. அதாவது என்ஜின் 3 சுற்று சுற்றினால் சூப்பர் சார்ஜர் 4 சுற்று சுற்ற வேண்டும்.

என்ஜினில் உள்ள கப்பியின் குறுக்களவு 120 மி.மீ. என்றால் சூப்பர் சார்ஜர் கப்பி 90 மி.மீ. இருக்க வேண்டும். கணக்கு முடிந்தது!

இந்தக் காற்று முழுவதும் சிலிண்டருக்குப் போய்ச் சேராது. சந்து வழியாகக் கொஞ்சம் கசியும். சூப்பர் சார்ஜரைச் சுற்றவே 4 அல்லது 5 குதிரை சக்தி செலவாகும். வாங்கும் கடனுக்கு வட்டி கட்டுவது போலத்தான்!

பட்டறையில் பிறக்கும் உறுப்புகள்

சூப்பர் சார்ஜர் வந்துவிட்டது. ஆனால் அது ஹெரால்டுக்காகப் பிறந்தது அல்ல. இரண்டையும் சேர்த்து வைக்கும் உறுப்புகள் கடையில் கிடைக்காது. செய்துதான் தீர வேண்டும். மேஸ்திரியின் வேலை இங்கேதான்.

முதலாவது, தாங்கி. சூப்பர் சார்ஜரை என்ஜினோடு பிணைக்கும் இரும்புச் சட்டம் இது. 10 மி.மீ. கனத் தகடு வேண்டும். மெல்லிய தகடு போட்டால் அதிர்ச்சியில் விரிசல் விடும். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு இரும்பில் வெட்டுவார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெல்டிங் வைத்தால் சூட்டில் இரும்பு வளையும். ஆகவே முதலில் வெல்டிங், ஆறிய பிறகு முகத்தைச் சமப்படுத்துதல், கடைசியில் ஓட்டை போடுதல். இந்த வரிசை மாறினால் போல்ட் பொருந்தாது!

இரண்டாவது, கப்பி. நிமிஷத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சுற்றப் போகிற உறுப்பு. நடுப்புள்ளி மயிரிழை தவறினாலும் ஆடும். ஆடினால் பேரிங் போகும். ஆகவே நடு ஓட்டையையும் வெளி விளிம்பையும் லேத்தில் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும். இரண்டு கப்பியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காற்று போகும் குழாய். சூப்பர் சார்ஜரில் இருந்து நான்கு சிலிண்டருக்கும் காற்றைப் பங்கிடுவது இது. அலுமினியத்தில் வார்க்கலாம். தச்சர் முதலில் மரத்தில் மாதிரி செய்வார். உருகிய அலுமினியம் ஆறும்போது சுருங்கும். மீட்டருக்குச் சுமார் 13 மி.மீ. குறையும். ஆகவே மர மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். கடைந்து எடுக்க 2 அல்லது 3 மி.மீ. சதையும் விட வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு வால்வு. பிரஷர் குக்கரின் வெயிட் போன்றது. கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் கலந்த காற்று சூப்பர் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. என்ஜினில் இருந்து தீப்பொறி பின்னால் தாவினால் குழாயில் உள்ளது முழுவதும் ஒரே நொடியில் வெடிக்கும். அப்போது ஸ்பிரிங் வைத்த இந்த வால்வு திறந்து உயிரைக் காப்பாற்றும்.

இது இல்லாமல் சூப்பர் சார்ஜர் பூட்டுவது, வெயிட் வழியை அடைத்துவிட்டுக் குக்கரை அடுப்பில் வைப்பதற்குச் சமம்!

தட்டும் சத்தம் கேட்கிறதா?

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறது அல்லவா? அதே காரணம்.

சிறிய சூப்பர் சார்ஜரில் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம் வைத்தாலே போதும். கார் டயரின் அழுத்தத்தில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை! ஆனால் அந்த அழுத்தத்திலேயே 35 டிகிரி வெயில் காற்று 90 டிகிரிக்கு மேல் சூடாகலாம்.

அந்தச் சூட்டுக் காற்றைப் பிஸ்டன் மறுபடியும் அழுத்துகிறது. மெழுகுவத்தி போல் ஒழுங்காக எரிய வேண்டிய பெட்ரோல், பட்டாசு போல் தானாக வெடிக்கத் தொடங்கும். என்ஜினில் "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தம் என்ஜினின் மரண ஓலை! கேட்டும் கேட்காமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இதைத் தடுக்க மேஸ்திரி ஒரு தந்திரம் செய்வார். சிலிண்டர் தலைக்கு அடியில் ஒரு தகடு வைத்து இடத்தைக் கூட்டுவார்.

இதற்கும் கணக்கு உண்டு. காற்றை 8-ல் ஒரு பங்காக அழுத்தும் என்ஜினில், பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் 34 சி.சி. அதை 7-ல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்றால் 39.5 சி.சி. வேண்டும். வித்தியாசம் ஐந்தரை சி.சி. இந்த அளவு சிலிண்டரில் இது சுமார் 1.8 மி.மீ. உயரம். மேலும் கீழும் இரண்டு கேஸ்கட் போட்டால் கூடும் கனத்தை அதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

தலை உயர்ந்தால் வால்வைத் தள்ளும் புஷ் ராடு எட்டாமல் போகும். அதையும் சரிசெய்ய வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். கார்புரேட்டரின் ஜெட் துளையைப் பெரிதாக்க வேண்டும்.

ஒன்றைத் தொட்டால் ஒன்பது கூட வரும்!

சட்டம் என்ன சொல்கிறது?

இத்தனையும் செய்து முடித்தால் காரைச் சாலையில் ஓட்டிவிடலாமா?

அவசரம் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. ஆகவே கை வைப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம்.

50 ஆண்டு தாண்டிய கார்களைப் 'பாரம்பரிய வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். தினசரி ஓட்டத்துக்குக் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை. கார் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது!

தாத்தா கார் தாத்தா காராகவே இருந்தால்தான் அந்த மரியாதை. என்ஜினை அறுத்து மாற்றினால் வேகம் வரலாம். பெருமை போய்விடும்.

பேரன் எடுத்த முடிவு

பேரன் யோசிக்கிறான். மேஸ்திரியைப் பார்க்கிறான்.

"நீங்களே சொல்லுங்கள் அண்ணே, என்ன செய்யலாம்?"

"இரண்டு வழி இருக்கிறது, தம்பி. வேகம்தான் வேண்டும் என்றால், வேறு ஒரு பழைய என்ஜினை வாங்கி வா. அதில் உன் ஆசையைத் தீர்த்துக்கொள். அதைப் பந்தயப் பாதையில் ஓட்டு, சாலையில் ஓட்டாதே. தாத்தா என்ஜினில் மட்டும் ஓட்டை போடாதே. போட்ட ஓட்டையை யாராலும் எடுக்க முடியாது."

"இன்னொரு வழி?"

"தாத்தா காரைத் தாத்தா ஓட்டிய மாதிரியே ஓட வைப்போம். அதற்கும் உறுப்பு கிடைக்காது. அதையும் கடைந்துதான் ஆக வேண்டும். அதுவும் லேசான வேலை இல்லை!"

இப்படி ஓர் உரையாடல் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ எந்தப் பட்டறையிலும் நடக்கலாம்.

வெல்வின் பட்டறையில் பர்க்கின் வேகத்தைத் தேடினார். அவர் பூட்டிய கருவி பந்தயத்தில் தோற்றது. ஆனால் அதன் உறுப்புகளை அளந்து, கடைந்து, காப்பாற்றிய கைகளால்தான் அந்தக் கார் இன்றும் உயிரோடு இருக்கிறது.

நம் ஊர் லேத் பட்டறைகளிலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. உழவு டிராக்டருக்கும் கிணற்றுப் பம்புக்கும் அவை தினமும் உயிர் கொடுக்கின்றன. அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகும் பையன், நூல் பிடிக்கவும் அளவு எடுக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டால் போதும்.

பேரன் தீர்மானித்துவிட்டான். காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் பஸ்சில் திண்டிவனம் திரும்புகிறான்.

முதல் வேலை, பிரேக்!